ஹிஸ்டமின் எந்தப் படையின் வீரன்?

நீண்ட பதிவு. பொறுமை உள்ளோர் வாசிக்க.

சென்ற மாதம் எங்கள் பல்கலைக்கழகத்தில் நடந்த துறையிடைக் கருத்தரங்கில் உயிரியல் ஆய்வாளர் ஒருவர் தோல் புற்றுநோய் பற்றி உரையாற்றினார். திரையில் ஒரு கோட்டையின் படம். மதில்மேல் வேலேந்திய வீரர்கள். அவர்கள் நோயெதிர்ப்புச் செல்கள். மதிலுக்கு வெளியே பகைவர். அவர்கள் புற்றுச் செல்கள். வீரர்களுக்கிடையே ஓலை சுமந்து ஓடும் தூதர்கள் சைட்டோகைன்கள். மதிலோரம் பதுங்கி நின்ற ஓர் உருவத்தின் தலைக்குமேல் 'ஹிஸ்டமின்' என்றும் அதன்கீழ் 'துரோகி' என்றும் எழுதியிருந்தது.

வினா நேரத்தில் நான் ஒன்றே ஒன்று கேட்டேன்: "ஒரே தூதன் இரு தரப்பிலும் வேலை செய்வதாகவும், அந்தத் துரோகி சில வேளைகளில் கோட்டையைக் காப்பதாகவும் ஆய்வுகள் சொல்கின்றனவே, அவர்களை எந்தப் பக்கத்தில் வரைவீர்கள்?" அவர் சிரித்துக்கொண்டே விடையளித்தார்: "அது பாமரருக்கான உவமை. மொழியியல் படித்தவர்கள் உவமையைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம்." அரங்கம் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அது விடையன்று என்பது அறைக்குத் திரும்பிய பின்னரே உறைத்தது. எனவே இந்தப் பதிவு.

பாமரருக்கான உவமை என்றார். பாமரர் ஒருவரை எனக்குத் தெரியும். என் பெரியம்மா. இரண்டாண்டுகளுக்கு முன் அவருடைய குதிகாலில் இருந்த கருந்திட்டு மெலனோமா என்று கண்டறியப்பட்டு அறுவை செய்யப்பட்டது. அதற்குப் பின் அவர் கைப்பேசிக்கு வந்து சேரும் செய்திகளுக்கு அளவில்லை. உடலின் படைவீரர்கள் சோம்பிவிட்டால் புற்று வரும் என்றது ஒன்று. படையை வலுப்படுத்தும் பொடி விற்றது இன்னொன்று. ஒவ்வாமைக்குப் போடும் மாத்திரை தோல் புற்றை விரட்டும் என்றது மற்றொன்று. ஒரு நாள் இரவு தொலைபேசியில் அவர் கேட்டார்: "ஏன் கண்ணு, என் ஒடம்புல சண்டை போட ஆளே இல்லாமப் போச்சா? நான் என்ன தப்புப் பண்ணேன்?" கோட்டைப் படத்தைப் பார்த்த பாமரர் ஒருவர் அதிலிருந்து கற்றுக்கொண்டது இதுதான்: தோல்வி. அதைத் தொடர்ந்து குற்றவுணர்வு.

என் வாதம் எளியது. போர் என்ற உருவகம் நோயெதிர்ப்பியலுக்கு அணிகலன் அன்று. அது கேள்வியையே முன்கூட்டித் தீர்மானித்துவிடுகிறது. 'நண்பனா, பகைவனா' என்று கேட்கப் பழக்கிவிட்டு, அந்தக் கேள்விக்கு விடையே இல்லாத இடத்திலும் விடையைக் கேட்டு நிற்கிறது. மெலனோமாச் செல்களில் சைட்டோகைன்களும் ஹிஸ்டமினும் உறவாடும் கதை இதற்குத் தெளிவான சான்று.

முதலில் பெயரிலிருந்து தொடங்குவோம். அது என் துறை. ஹிஸ்டமின் என்னும் பெயரின் வேர் 'ஹிஸ்டோஸ்' என்ற கிரேக்கச் சொல். தறி என்றும், தறியில் நெய்த துணி என்றும் அதற்குப் பொருள். உடலின் திசுவை நெசவாகக் கண்ட பார்வை அது. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் திசுவை 'இழையம்' என்று அழைப்பதிலும் அதே நெசவு இருக்கிறது. ஆக, ஹிஸ்டமின் என்றால் இழையத்துக்குரிய அமைன் என்றே பொருள். ஒவ்வாமை என்ற கருத்து அந்தப் பெயரில் எங்கும் இல்லை. 1907இல் ஆய்வகத்தில் செயற்கையாகத் தொகுக்கப்பட்டது; 1910இல் ஹென்றி டேலும் பாட்ரிக் லெய்ட்லாவும் அதன் உடலியல் விளைவுகளை விவரித்தனர்; 1927இல் டேலும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் அது நுரையீரலிலும் கல்லீரலிலும் இயல்பாகவே உள்ள பொருள் என்று நிறுவினர். ஆனால் நம்மில் பெரும்பாலோர் மருந்துக்கடையில் 'ஆன்டிஹிஸ்டமின்' என்ற சொல்லைத்தான் முதலில் கேட்கிறோம். பொருளை அறியுமுன் அதன் மறுப்பை அறிந்துகொண்டோம். எதிர்ப்பதத்தின் வழியாக மட்டுமே அறிமுகமாகும் ஒன்று பகைவனாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

உடலில் ஹிஸ்டமின் உருவாகும் வழி ஒன்றே. ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலத்திலிருந்து கரியமில வாயுவை நீக்கினால் ஹிஸ்டமின் கிடைக்கும். அந்த வேலையைச் செய்யும் நொதி ஹிஸ்டிடின் டிகார்பாக்சிலேஸ். வைட்டமின் பி6 அதற்குத் துணை. பாடநூல்கள் இந்த இடத்தில் மாஸ்ட் செல்லைக் காட்டிவிட்டு நின்றுவிடுகின்றன. அந்தச் செல்லின் பெயரும் ஒரு பிழையின் நினைவுச்சின்னமே. செல்லை நிறைத்திருந்த துகள்களை ஊட்டப்பொருள் என்று கருதிய பால் எர்லிக், 'கொழுக்க ஊட்டுதல்' என்ற பொருள் தரும் ஜெர்மன் சொல்லிலிருந்து அந்தப் பெயரை இட்டார். அத்துகள்களில் ஹிஸ்டமின் சேமித்து வைக்கப்பட்டிருப்பது பின்னர்தான் தெரிந்தது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

மாஸ்ட் செல்லைப் போலச் சேமித்து வைக்காமல், ஆக்கிய கையோடு ஹிஸ்டமினை வெளியேற்றும் செல்களும் உண்டு. ஸ்வீடனின் லுண்டு நகரில் கேயார்க் கால்சனும் எல்சா ரோசன்கிரேனும் 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதைத்தான் வலியுறுத்தினர். வேகமாக வளரும் இழையங்களில், அதாவது எலியின் கருவிலும் ஆறிவரும் புண்ணிலும், ஹிஸ்டமின் ஆக்கும் திறன் உயர்ந்திருப்பதை அவர்கள் கண்டனர். வளர்ச்சியோடு தொடர்புடைய பொருள் என்றால், கட்டுக்கடங்கா வளர்ச்சியாகிய புற்றில் அதற்கு என்ன பங்கு என்ற வினா இயல்பாகவே எழுகிறது.

இந்த வினாவை மெலனோமாவுக்குக் கொண்டுசென்றவர்களில் முதன்மையானவர்கள் புடாபெஸ்ட் நகரின் செம்மல்வைஸ் பல்கலைக்கழகத்தில் அந்திராஷ் ஃபாலுஷைச் சுற்றி இயங்கிய குழுவினர். 2000ஆம் ஆண்டில் மனித மெலனோமாவில் ஹிஸ்டிடின் டிகார்பாக்சிலேஸ் வெளிப்படுவதை அவர்கள் காட்டினர். அதாவது புற்றுச் செல் தானே ஹிஸ்டமினை ஆக்கிக்கொள்ள வல்லது. மறு ஆண்டில், அந்த நொதியின் உருவாக்கத்தைத் தடுத்தால் மெலனோமாச் செல்களின் பெருக்கம் குறைவதைக் காட்டினர். கோட்டைப் படம் வரைபவருக்கு இவ்வளவு போதும்: ஹிஸ்டமின் துரோகி. கதை முடிந்தது.

முடியவில்லை. 2002இல் அதே குழுவினர் சிலரும் அர்ஜென்டினா ஆய்வாளர்களும் இணைந்து வெளியிட்ட ஆய்வில், தொடக்கநிலை மெலனோமாச் செல்களின் பெருக்கத்தை ஹிஸ்டமின் அடக்குகிறது என்றும், இன்டர்லூகின்-6 என்னும் சைட்டோகைன் சேர்ந்தால் அந்த அடக்கம் மிகுகிறது என்றும் கண்டனர். முரணா? செல்லின் மேற்பரப்பில் ஹிஸ்டமினுக்கான ஏற்பிகள் ஒன்றல்ல. நான்கு வகை அறியப்பட்டுள்ளன. அந்தச் செல்களில் ஹெச்-1 ஏற்பியின் வழி சென்றால் ஹிஸ்டமின் பெருக்கத்தை அடக்குகிறது. ஹெச்-2 ஏற்பியின் வழி சென்றால் தூண்டுகிறது. 2005இல் எலி மெலனோமாச் செல்களில் ஹிஸ்டமின் ஆக்கத்தை மரபணு வழியாகக் கூட்டியபோது கட்டி விரைந்து வளர்ந்தது. அங்கே ஹெச்-2 ஏற்பியின் அளவும் உயர்ந்திருந்தது. சொல் ஒன்றுதான். அதைக் கேட்ட செவி வேறு.

சைட்டோகைனுக்கு வருவோம். ஹிஸ்டமின் ஆக்கத்தைக் கூட்டக் கூடிய சைட்டோகைன்கள் பல. இன்டர்லூகின்-1, கட்டி நசிவுக் காரணி ஆகியவற்றைச் செலுத்தினால் எலியின் கல்லீரலிலும் மண்ணீரலிலும் ஹிஸ்டிடின் டிகார்பாக்சிலேஸின் செயல்பாடு உயர்கிறது. இன்டர்லூகின்-3 எலும்பு மஜ்ஜையின் முன்னோடிச் செல்களில் ஹிஸ்டமின் ஆக்கத்தைத் தூண்டுகிறது. ஆக, ஒரு கட்டியைச் சுற்றிலும் எந்தச் சைட்டோகைன்கள் உலவுகின்றன என்பது, அங்கே ஹிஸ்டமின் எவ்வளவு உருவாகும் என்பதையும் பாதிக்க வல்லது. மெலனோமாச் செல்களோ சைட்டோகைன்களைத் தாமும் சுரக்கின்றன. அவற்றுள் இன்டர்லூகின்-6 ஒன்று. 'வெள்ளணுக்களுக்கிடையே' என்பது இன்டர்லூகின் என்ற சொல்லின் பொருள். சுவிட்சர்லாந்தின் எர்மாட்டிங்கன் நகரில் 1979இல் கூடிய ஆய்வாளர்கள் இசைந்த பெயர் அது. தோலின் செல்களும் புற்றுச் செல்களும் அதே மூலக்கூறுகளைச் சுரப்பதைச் சொல்ல அந்தப் பெயரில் இடமில்லை.

கனடாவில் ராபர்ட் கெர்பலின் குழு 1992இலும் 1993இலும் வெளியிட்ட ஆய்வுகளை, என் போன்றோர் பொருண்மையியல் வகுப்பில் பாடமாகவே வைக்கலாம். தொடக்கநிலை மெலனோமாச் செல்களின் வளர்ச்சியை இன்டர்லூகின்-6 தடுக்கிறது. முற்றிய நிலையிலுள்ள செல்களை அது தடுப்பதில்லை. அது மட்டுமன்று: முற்றிய செல்களுள் சில அதைத் தாமே சுரந்து தம் வளர்ச்சிக்குப் பயன்படுத்திக்கொள்கின்றன. மூலக்கூறு மாறவில்லை. கேட்கும் செல்லின் வரலாறு மாறியிருக்கிறது. இதை எந்தச் சீருடை அணிவித்து மதில்மேல் நிறுத்துவது?

பெயரே தீர்ப்பாகிவிட்ட இன்னொன்று கட்டி நசிவுக் காரணி. 1975இல் நியூயார்க்கில் லாயிட் ஓல்டின் குழு, எலிகளில் கட்டிகளைக் கருகி நசியச் செய்த பொருளுக்கு இட்ட பெயர் அது. 1999இல் பிரான்சிஸ் பால்க்வில்லின் குழு, இந்தக் காரணியே இல்லாத எலிகளில் வேதிப்பொருள் கொண்டு தோல் புற்றைத் தூண்ட முயன்றது. அந்த எலிகள் எளிதில் புற்றுக்கு ஆட்படவில்லை. கட்டியை அழிப்பது என்று பெயர் பெற்ற பொருள், தோலில் கட்டி உருவாவதற்குத் துணைநின்றிருக்கிறது. பெயர் சூட்டியவர்கள் பொய் சொல்லவில்லை. தாங்கள் கண்ட சூழலில் கண்டதைச் சொன்னார்கள். ஒரு சூழலில் கண்டதை இயல்பென்று எண்ணிக்கொண்டது நம் பிழை.

ஹிஸ்டமினுக்கும் அதே கதை. 2011இல் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஹிஸ்டிடின் டிகார்பாக்சிலேஸ் இல்லாத எலிகளை ஆராய்ந்தனர். ஹிஸ்டமினே ஆக்க இயலாத அந்த எலிகளில் குடலிலும் தோலிலும் புற்று மிகுதியாக உருவானது. ஹிஸ்டமின் இன்றி மஜ்ஜைவழிச் செல்கள் முதிர்ச்சியடையாமல் தேங்கியதே காரணம் என்று அவர்கள் விளக்கினர். அடுத்த பத்தாண்டில் நேரெதிர்த் திசையிலிருந்து ஒரு செய்தி வந்தது. டெக்சாஸின் எம்.டி. ஆண்டர்சன் மையத்தின் ஆய்வொன்று 2022இல் வெளியானது. மேக்ரோஃபேஜ் செல்களின் ஹெச்-1 ஏற்பியில் ஹிஸ்டமின் செயல்பட்டு டி செல்களை முடக்குகிறது என்றும், நோயெதிர்ப்புச் சிகிச்சையின்போது ஒவ்வாமை மருந்து உட்கொண்டிருந்த மெலனோமா நோயாளிகள் கூடுதல் காலம் வாழ்ந்தனர் என்றும் அது கூறியது.

பெரியம்மாவின் கைப்பேசிக்கு வந்த செய்தியின் பிறப்பிடம் இத்தகைய ஆய்வுகளே. நோயாளிகளைப் பற்றிய அந்தப் பகுதி, பழைய மருத்துவப் பதிவுகளைத் திரும்பிப் பார்த்துக் கண்ட தொடர்பு. தொடர்பு காரணமாகாது என்பதை முதலாண்டு மாணவரும் அறிவார். அது குறிப்பிட்ட சிகிச்சை பெற்றவர்களைப் பற்றியது. குதிகாலில் அறுவை முடிந்து வீட்டிலிருக்கும் ஒருவரைப் பற்றியதன்று. ஹெச்-1 ஏற்பி மேக்ரோஃபேஜில் ஒரு விளைவைத் தருகிறது. முன்பு சொன்ன தொடக்கநிலை மெலனோமாச் செல்லில் வேறொரு விளைவைத் தந்தது. இவ்வளவும் 'துரோகியை விரட்டும் மாத்திரை' என்ற மூன்று சொற்களுக்குள் நசுங்கிச் செத்தன. அந்தச் செய்தியை எழுதியவர் முகமறியாதவர். ஆனால் அவருக்கு அந்த அச்சை வார்த்துக் கொடுத்தது நம் திரைகளில் ஒளிரும் கோட்டைதான்.

தமிழில் நாம் 'இருக்கட்டும்' என்று சொல்கிறோம். காப்பி நீட்டிய வீட்டாரிடம் சொன்னால் அது மறுப்பு. தட்டை உடைத்துவிட்டு விழிக்கும் குழந்தையிடம் சொன்னால் ஆறுதல். வரப்பில் சண்டையிட்டுப் பிரியும் பங்காளியிடம் சொன்னால் மிரட்டல். 'இருக்கட்டும்' நல்ல சொல்லா கெட்ட சொல்லா என்று தமிழ் அறிந்த எவரும் கேட்பதில்லை. யார், யாரிடம், எப்போது, எந்தக் குரலில் என்றே கேட்போம். ஒரு சொல்லுக்கு நாம் இயல்பாக அளிக்கும் இந்த மரியாதையைச் சைட்டோகைனுக்கும் ஹிஸ்டமினுக்கும் அளிக்க மறுப்பது ஏன்?

மறுப்புகளை அறிவேன். முதல் மறுப்பு: உருவகமின்றி அறிவியல் இல்லை, 'ஏற்பி', 'சமிக்ஞை' என்பனவும் உருவகங்களே. முழுதும் உடன்படுகிறேன். உருவகத்தை ஒழிக்கச் சொல்லவில்லை. ஒவ்வோர் உருவகமும் சில கேள்விகளைத் திறந்து சிலவற்றை மூடுகிறது. எதை மூடுகிறது என்று பாருங்கள் என்கிறேன். சமிக்ஞைக்குப் பொருள் பெறுநரைப் பொறுத்தது என்று சொல்ல அந்த உருவகத்திலேயே இடமிருக்கிறது. வீரனுக்கோ முன்கூட்டியே ஒரு பக்கம் உண்டு. அவன் பக்கம் மாறினால் துரோகி என்பதைத் தவிர வேறு சொல் அந்த அகராதியில் இல்லை.

இரண்டாம் மறுப்பு: போர் உருவகம் பயனளித்திருக்கிறது, மெலனோமாவுக்கு இன்றுள்ள சிறந்த மருந்துகள் படையை ஏவியதால் கிடைத்தவை. இதை வரலாறு ஏற்கவில்லை. 2011இல் அமெரிக்காவில் மெலனோமாவுக்கு ஒப்புதல் பெற்ற இபிலிமுமாப் என்னும் மருந்தின் பின்னிருந்த கருத்து, படையைப் பெருக்குவது அன்று. டி செல்லின்மீது அழுந்தியிருக்கும் தடையைத் தளர்த்துவது. ஜேம்ஸ் அலிசனும் தசுகு ஹோஞ்சோவும் 2018இல் நோபல் பரிசு பெற்றதும் நோயெதிர்ப்பின் தடைகளைத் தளர்த்தும் புற்றுநோய்ச் சிகிச்சையைக் கண்டறிந்ததற்காகவே. 'ஏன் இன்னும் வீரர்களை அனுப்பவில்லை' என்று கேட்பதை விட்டு, 'இந்தச் செல்லை நிறுத்தி வைத்திருப்பது எது' என்று கேட்டதில் பிறந்த மருத்துவம் அது. உருவகம் மாறியபோதுதான் கேள்வி மாறியது.

மூன்றாம் மறுப்பை நானே என்மீது வைக்கிறேன். உரையாடல் என்ற என் உருவகமும் குறையுடையதே. மூலக்கூறுக்கு நோக்கமில்லை, செல் பொருளுணர்ந்து கேட்பதில்லை, ஏற்பியில் பிணைவது வேதியியல், செவிமடுத்தல் அன்று. இதை நான் மறந்தால் நீங்கள் நினைவூட்டுங்கள். கோட்டை வரைபவர்களும் தம் படத்தைப் பற்றி இதே அளவு ஐயம் கொள்ள வேண்டும் என்பதே கோரிக்கை.

தமிழில் நமக்குக் கூடுதல் பொறுப்பு உண்டு. ஆங்கிலம் பயன்படுத்தும் 'இம்யூனிட்டி' என்னும் சொல் போர்க்களத்தில் பிறந்ததன்று. வரியிலிருந்தும் பொதுக்கடமையிலிருந்தும் விலக்குப் பெற்றவரைக் குறித்த லத்தீன் சட்டச்சொல்லிலிருந்து வந்தது. நாமோ 'நோயெதிர்ப்பு' என்றோம், 'தடுப்பாற்றல்' என்றோம். எதிர்த்தலும் தடுத்தலும் சொல்லுக்குள்ளேயே குடியேறிவிட்டன. அந்தச் சொற்களைக் கைவிடச் சொல்லவில்லை. நானும் இந்தப் பதிவு முழுக்க அவற்றைத்தான் பயன்படுத்தியிருக்கிறேன். ஆனால் சொல்லே போரைச் சுமந்து வரும் மொழியில், அதன்மேல் கோட்டையும் கட்டினால் வாசகருக்கு வேறு எதையும் நினைக்க வழியிராது.

எனவே ஆசிரியர்களுக்கும், தமிழில் அறிவியல் எழுதும் நண்பர்களுக்கும், ஆய்வேடு எழுதும் தோழர்களுக்கும் மூன்று வேண்டுகோள்கள். ஒன்று: எந்த மூலக்கூறையும் நல்லது, கெட்டது என்று எழுதுமுன் எந்தச் செல்லில், எந்த ஏற்பியின் வழியாக, நோயின் எந்தக் கட்டத்தில் என்று எழுதுங்கள். ஒரு வரி கூடும், கூடட்டும். இரண்டு: கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்லில் கண்டதா, எலியில் கண்டதா, மனிதரில் கண்டதா என்பதைத் தலைப்பிலேயே சொல்லுங்கள். மூன்று: நோயாளியைத் தோற்ற நாட்டின் அரசராக்காதீர்கள்.

நான்காவதாக ஒன்றும் உண்டு. அது உவமையைவிட அவசரமானது. கருநிறத் தோல் உடைய மக்களிடையே மெலனோமா அரிது. வரும்போது உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தடியிலும் வருவது மிகுதி. வெளிறிய முதுகில் இருக்கும் மச்சத்தை மட்டுமே பாடநூலில் பார்த்துப் பழகிய நாம் குதிகாலைப் பார்ப்பதில்லை. பெரியம்மாவும் அதை ஆணி என்று எண்ணி ஓராண்டு களிம்பு தடவிக்கொண்டிருந்தார். கோட்டைப் படத்துக்குச் செலவிட்ட நேரத்தில் ஓர் உள்ளங்காலின் படத்தைக் காட்டியிருக்கலாம்.

அன்றிரவு அவரிடம் ஹிஸ்டிடின் டிகார்பாக்சிலேஸைப் பற்றி நான் பேசவில்லை. உடலுக்குள் நடப்பது சண்டை இல்லை, பெரியம்மா, ஓயாத பேச்சு. அதில் சில இடங்களில் பேச்சு பிசகிவிடுகிறது. ஏன் என்று படித்தவர்களே இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் தவறு இதில் எதுவுமில்லை என்றேன். அந்த மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் போட வேண்டாம் என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப அந்தப் பொடிக்குக் குடுத்த காசு?" என்று கேட்டார்.

அதற்கு என்னிடம் விடை இல்லை. கருத்தரங்கில் சிரித்தவர்களிடம் இருந்தால் சொல்லுங்கள். மாற்றுக் கருத்துகளை, குறிப்பாக உயிரியல் துறை நண்பர்களின் திருத்தங்களை, வரவேற்கிறேன்.